மெதுவாக நகரும் நாவலைச் சேர்ந்து வாசிக்க: வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பெரிய நாவலைப் பத்துப் பேர் சேர்ந்து வாசித்துப் பேசலாம் என்று நினைக்கிறீர்களா? வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் கை தூக்குபவர்களுக்குக் குறைவே இருக்காது. இடம் கிடைத்துவிடும், டீச்செலவுக்கும் பணம் சேர்ந்துவிடும். சிக்கல் நூறாவது பக்கத்தில் வரும். "இன்னா சார், இவ்ளோ பக்கம் ஆச்சு, இன்னும் கதையே ஸ்டார்ட் ஆவல" என்று பாதிப் பேர் சொல்வார்கள். அந்தப் பக்கங்களிலேயே சொக்கிப் போன மீதிப் பேருக்கு அதைக் கேட்டதும் மனசு சுருங்கிவிடும். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு தரப்பிலும் ஆள் வராது.

வேலூரில் இப்படி ஒரு வட்டத்தைக் கட்டி நிறுத்துவதற்குள் நிறையவே அல்லாடினேன். நீங்கள் அல்லாட வேண்டாம் என்றுதான் படிப்படியாக எழுதுகிறேன். உதாரணத்துக்குத் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளை எடுத்துக்கொள்கிறேன். கும்பகோணத்தில் நடக்கிற கதை. பாபு என்ற இளைஞன், அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனா, இவர்களுக்கு நடுவே சங்கீதம். பதிப்பைப் பொறுத்து 600 பக்கத்துக்கு மேல் வரும். எதற்கும் அவசரப்படாத நாவல் அது.

1. நாவலை நீங்களே முடிவு செய்யுங்கள்

ஓட்டெடுப்பு வேண்டாம். எல்லாரும் பெயர் கேள்விப்பட்ட புத்தகம்தான் ஓட்டில் ஜெயிக்கும். ஓட்டுப் போட்டவர்கள் அதை வாங்கிப் படிப்பார்களா என்பது வேறு விஷயம். நடத்துகிறவர் முழு நாவலையும் ஒரு முறையாவது வாசித்திருக்க வேண்டும். எங்கே கதை மெல்ல மேலேறத் தொடங்குகிறது, எந்த இடத்தில் நிறுத்தினால் வாசகர் கையில் ஏதாவது மிஞ்சும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது தெரியாமல் பகுதி பிரிக்க முடியாது.

இதுவரை நீளமான நாவலே படித்திராதவர்கள் அதிகம் இருந்தால், எடுத்தவுடன் 600 பக்கத்துக்குப் போகாதீர்கள். நம்ம ஊர்ப்பக்கத்து மு. வரதராசனின் 'அகல் விளக்கு'விலிருந்து தொடங்கலாம். 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். பாலாற்றங்கரையில், வாலாஜா பக்கத்தில் தொடங்குகிறது. அதுவும் நிதானமாகப் போகிற கதைதான். ஆனால் தெரிந்த ஊர்ப் பெயர்கள் வரும்போது புது வாசகருக்குப் பொறுமை தானாக வந்துவிடுகிறது.

ஒன்றை முதலிலேயே வட்டத்தாரிடம் சொல்லிவிடுங்கள். நம்மில் பலர் தொடர்கதையிலிருந்து நாவலுக்கு வந்தவர்கள். 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரத்துக்கு ஒரு கேள்வியை வைத்துவிட்டுத்தான் முடியும். 'மோகமுள்'ளும் சுதேசமித்திரன் வார இதழில் தொடராக வந்ததுதான், ஆனால் அது அப்படி இழுத்துக்கொண்டு போகாது. ஒரு பேச்சு, ஒரு தெரு, ஒரு மனச்சஞ்சலம் என்று வாரம் முழுக்கக் கூடவே இருக்கும். "அடுத்து என்ன?" என்ற கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்காருபவருக்கு ஏமாற்றம்தான். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

2. ஆட்கள்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உருவாகிவிடுவார்கள். அதைவிட முக்கியம் கலவை. ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் பத்துப் பேர் என்றால் பத்துப் பேரும் ஒரே மாதிரி பேசுவார்கள். வேலூரில் கலவைக்குப் பஞ்சமில்லை. ஆஸ்பத்திரி ஊழியர்கள், காட்பாடியிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனிகளில் இருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாரையும் கேளுங்கள்.

சேரும்போதே ஒவ்வொருவரிடமும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: எப்போது, எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள்? இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். காட்பாடியிலிருந்து சென்னை சுமார் 130 கிலோமீட்டர். சீசன் டிக்கெட்காரருக்குப் போக ஒரு நீண்ட வாசிப்பு, வர ஒரு நீண்ட வாசிப்பு கிடைக்கிறது. அவருக்கு மெதுவான நாவல் ஒத்துப்போகும். இரவு பத்தரைக்குப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு நான்கு பக்கம் புரட்டுகிறவருக்கு அதே நாவல் நகரவே நகராது. இரண்டு பேரின் ரசனையிலும் குறை கிடையாது. புத்தகத்துக்குக் கிடைத்த நேரம்தான் வேறு. பின்னால் கருத்து வேறுபாடு வரும்போது இந்தத் தகவல் உங்களுக்குக் கை கொடுக்கும்.

சங்கமாகப் பதிவு செய்யலாமா என்று யாராவது கேட்பார்கள். இப்போதைக்கு வேண்டாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குறைந்தது ஏழு பேர், துணை விதிகள், ஆண்டுக் கணக்கு என்று வேலை வளரும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவு எழுதி, கூட்டந்தோறும் எல்லாரும் பார்க்கும்படி வைத்தால் போதும்.

3. பிரதிகள்

செலவில் பெரும்பங்கு இதுதான். 600 பக்க நாவல் இன்று 500 முதல் 800 ரூபாய் வரை ஆகும். எல்லாரும் ஒரே பதிப்பை வாங்குவது நல்லது. பதிப்பு மாறினால் பக்க எண் மாறும். "213ஆம் பக்கத்துல பாருங்க" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். ஏற்கெனவே வீட்டில் பழைய பிரதி வைத்திருப்பவரைப் புதிதாக வாங்கச் சொல்ல முடியாதே, அவருக்கு மட்டும் ஒவ்வொரு பகுதியின் முதல் வரியையும் கடைசி வரியையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தனித்தனியாக வாங்காமல் ஒரே ஆர்டராகப் பதிப்பகத்திடம் நேரடியாகக் கேளுங்கள். பத்துப் பிரதி என்றால் தள்ளுபடி கேட்கத் தயங்க வேண்டாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வழக்கமாக 10 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். இப்போது வேலூரிலும் மாவட்ட அளவில் புத்தகத் திருவிழா நடக்கிறது. தேதி ஒத்துவந்தால் அங்கேயே வாங்கி அனுப்பும் செலவை மிச்சப்படுத்தலாம். தபாலில் வரவழைப்பதாக இருந்தால், அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய 'ஞான் போஸ்ட்' பற்றிக் கேளுங்கள். புத்தகங்களுக்கென்றே உள்ள சேவை. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய் என்று தொடங்கினார்கள், வரி தனி. தரைவழியாக வருவதால் நாளாகும். முதல் கூட்டத்துக்குப் பல வாரம் முன்பே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. யாராவது ஒருவர் குழுவில் பிடிஎஃப் போடுவார். உடனே நீக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. இறந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கு. ஜானகிராமன் 1982இல் காலமானார். எனவே 2042 முடியும்வரை அவர் எழுத்தைப் பிரதியெடுத்துப் பரப்ப முடியாது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. அவற்றை மதுரைத் திட்டம் போன்ற தளங்களிலிருந்து தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கைப்பேசித் திரையில் 600 பக்கம் படிக்கத் தொடங்கியவர்கள் பாதியில் நின்றுவிடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

வாங்க முடியாதவர்களுக்கு நூலகம் இருக்கிறது. உறுப்பினராக ஆதார் நகல், படிவம், வைப்புத்தொகை, சந்தா என்று கேட்பார்கள். தொகை சிறியதுதான். படிவத்தை முதல் நாளே வாங்கி, எந்தக் கையெழுத்தெல்லாம் வேண்டும் என்று பார்த்துவிடுங்கள். தவணைக்குள் இவ்வளவு பெரிய நாவல் முடியாது. தேதி தவறாமல் போய்ப் புதுப்பிக்க வேண்டும். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. இது தெரியாமல் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

4. இடமும் கடிதமும்

நூலகமே முதல் தேர்வு. பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே உண்டு. நாம் புதிதாக ஒன்றைக் கேட்கவில்லை, இருப்பதைப் பயன்படுத்துகிறோம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம், கூச்சப்படாமல் கேளுங்கள்.

வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் என்ன நாவல், எத்தனை பேர், எந்தெந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, பொறுப்பாளர் பெயர், கைப்பேசி எண், ஒலிபெருக்கி கிடையாது, கட்டணம் வசூலிக்கவில்லை என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஒரு நாவலுக்கு நான்கு கூட்டம் வரும், நான்கு தேதிகளையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிவையுங்கள். தேதிக்கு இரண்டு வாரம் முன்பு கொடுத்தால் அலைச்சல் குறையும். தேர்தல் சமயத்தில் அரசு இடங்கள் கிடைப்பது சிரமம்.

எனக்கு வந்த தொல்லையையும் சொல்கிறேன். ஓர் இடத்தில் வாய்மொழியாகச் சரி என்றவர்கள், கூட்டத்தன்று காலையில் வேறு நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். வந்தவர்களோடு கோட்டைப் பக்கம் போய்ப் புல்தரையில் உட்கார்ந்தோம். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். பத்துப் பேர் புத்தகத்தோடு உட்கார்ந்து பேசினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் பேனர், நாற்காலி, மைக் என்று கூட்டமாக நடத்த முன் அனுமதி வேண்டும். அவசரத்துக்கு அது நல்ல இடம். மழை வந்தால் ஒதுங்க வழியில்லாததால் வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

நேரம்: ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு. ஆறேகாலுக்கு எல்லாரும் எழுந்துவிட வேண்டும். குடியாத்தம், ஆற்காடு, அணைக்கட்டுப் பக்கம் போகிற பெண்கள் இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிட வேண்டும் என்பதை நேரத்தின் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி மாலை வேண்டாம், கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலைத் தடத்துப் பஸ்களில் கால் வைக்க முடியாது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அந்த வாரம் குடியாத்தத்துக்காரர்களை எதிர்பார்க்காதீர்கள்.

5. பகுதி பிரித்தல்

வேலைக்குப் போகிறவர் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம் படிப்பார். 600 பக்கத்துக்கு இரண்டு மாதம். அதற்கு நான்கு கூட்டங்கள் போதும். வாரா வாரம் வைத்தால் படித்து முடிக்காமல் வருவார்கள். மாதம் ஒரு முறை என்றால் படித்தது மறந்துபோகும்.

முதல் கூட்டத்தைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. நாற்பது பக்கத்தில் கூடினால் "இன்னும் ஒண்ணும் தெரியல" என்பதைத் தவிர யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அந்த ஒரு வாக்கியத்தைப் பத்துப் பேர் பத்துத் தடவை கேட்டுவிட்டுப் போனால், விருப்பமாகப் படித்துக்கொண்டிருந்தவருக்கும் சந்தேகம் வந்துவிடும். முதல் பகுதி குறைந்தது 120 பக்கம் இருக்கட்டும், அதற்கு மூன்று வாரம் கொடுங்கள். இடையில் ஒரு உதவி மட்டும் செய்யலாம்: பாத்திரங்களின் பெயர், உறவு, ஊர் எழுதிய ஒரு தாள். 'மோகமுள்' என்றால் பாபு, யமுனா, ராஜம், தங்கம்மா, ரங்கண்ணா, வைத்தி என்று வரும். பலருக்குச் சலிப்பு வருவதே யார் யாரென்று தெரியாததால்தான். அந்தத் தாளில் கதையில் பின்னால் வருவது எதுவும் இருக்கக் கூடாது.

6. பேசுவதற்கு முன்னால் சீட்டு

இந்தப் படியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். கூட்டம் தொடங்கியதும் ஆளுக்கு அரைத்தாள் கொடுங்கள். பெயர் வேண்டாம். மூன்று கேள்விகள்:

எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியது?
எந்த இடத்தைத் திரும்பப் படித்தீர்கள்?
இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பத்து நிமிடம். எழுதியதை வாங்கிக் கலைத்து, ஒவ்வொருவர் கையிலும் வேறொருவரின் சீட்டைக் கொடுங்கள். அவர்கள் அதைச் சத்தமாக வாசிக்கட்டும். அப்புறம்தான் பேச்சு.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்கலாம். நம் பக்கம் வயதில் மூத்தவரோ, வாத்தியாரோ முதலில் பேசிவிட்டால் இளையவர்கள் அதையே ஆமோதிப்பார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் "என்ன அருமையான நடை" என்று தொடங்கிவைத்தால், பக்கத்தில் இருக்கும் கல்லூரிப் பெண் "எனக்குப் பிடிக்கல சார்" என்று சொல்லவே மாட்டாள். அவள் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிடுவாள், அவ்வளவுதான். சீட்டில் எழுதியது மாறாது. அது அந்த வாசகரின் சொந்த அனுபவம், இன்னொருவர் சொல்லைக் கேட்பதற்கு முன் எழுதியது.

இந்த நாவலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வயதில் மூத்த பெண்ணின் மேல் ஓர் இளைஞனுக்கு வரும் ஆசையைப் பற்றிய கதை இது. அப்பாவும் மகளும் ஒரே வட்டத்தில் இருக்கலாம், மேலதிகாரியும் ஊழியரும் இருக்கலாம். வாயால் சொல்லக் கூசுவதைப் பெயரில்லாத சீட்டு சொல்லிவிடும்.

"கதையின் கருத்து என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டவுடன் எல்லாரும் பரீட்சைக்குப் பதில் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

7. "போர் அடிக்குது" என்பவரிடம் பக்கத்தைக் கேளுங்கள்

சலிப்பு என்பது ஒரு தகவல். எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள். பெரும்பாலும், ஒருவர் மூடி வைத்த இடமும் இன்னொருவர் திரும்பப் படித்த இடமும் ஒன்றாகவே இருக்கும்.

எங்கள் வட்டத்தில் பாபு ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்கிற பகுதியில் அதுதான் நடந்தது. தையல்கடை வைத்திருக்கும் ஒருவர், "பாட்டே தெரியாத நான் எதுக்கு இத்தனை பக்கம் படிக்கணும்?" என்று எழுதியிருந்தார். அந்தச் சீட்டு போய்ச் சேர்ந்தது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் கையில். அவர் வாசித்துவிட்டு, அந்த இடத்தைத்தான் தான் இரண்டு தடவை படித்ததாகச் சொன்னார். "எனக்கும் பாட்டு தெரியாதுண்ணா. ஆனா நைட் டூட்டியில லைட்டெல்லாம் அணைச்ச பிறகு, இருமுற சத்தத்த வெச்சே எந்த பெட்னு சொல்லிடுவேன். காது பழகறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்." தையல்காரர் சற்று யோசித்தார். "அப்ப துணியைத் தொட்டதும் நூல் தரம் தெரியுதே, அந்த மாதிரியா சிஸ்டர்?" என்று கேட்டார். அதற்கப்புறம் சங்கீதம் தெரியாதவர்கள்தான் அந்தப் பகுதியைப் பற்றி அதிகம் பேசினார்கள். தையல்காரர் தன் கருத்தை மாற்றிக்கொண்டாரா என்றால், இல்லை. நீளம் அதிகம் என்றுதான் கடைசிவரை சொன்னார். ஆனால் விலகவில்லை.

இப்படி மோதுகிற பக்கத்தை அங்கேயே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு பக்கம் போதும். கண்ணால் ஓட்டும்போது மெதுவாகத் தெரிகிற உரைநடை காதில் விழும்போது அப்படித் தெரிவதில்லை. பேரணாம்பட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு மாணவி, பீடி சுற்றுகிற தன் அம்மாவுக்குத் தினமும் சாயங்காலம் நாவலை வாசித்துக் காட்டினாள். அந்த அம்மா ஒரு நாளும் கதை நகரவில்லை என்று சொன்னதில்லையாம். தட்டில் இலை தீரும்வரை வாசிக்கச் சொல்வாராம். தனியாகப் படித்தபோது சலித்த அத்தியாயங்களே அம்மாவுக்காக வாசித்தபோது தனக்கும் பிடித்துப்போனதாக அவள் சீட்டில் எழுதியிருந்தாள்.

சலிப்பிலும் வகை உண்டு. நேரமின்மையால் வருவது ஒன்று. அவருக்கு ஒரு விடுமுறை நாளில் ஒரே மூச்சில் ஐம்பது பக்கம் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். திருப்பம் வரவில்லையே என்று வருவது இன்னொன்று. அவரிடம், இதுவரை பாபுவிடம் என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். நாவலே தொய்ந்த இடங்களும் உண்டு. புகழ்பெற்ற புத்தகம் என்பதற்காக அதை மூடி மறைக்க வேண்டியதில்லை, ஒத்துக்கொள்ளுங்கள். நாவலை நேசிப்பவர்களே அதைச் சொல்லும்போது மற்றவர்களுக்கு நம்பிக்கை வரும்.

கோபத்தைக் கண்டு பயப்படாதீர்கள். "அந்தப் பாபுவை நாலு அறை விடணும்" என்று ஒருவர் சொன்னால் அவர் நாவலுக்குள் போய்விட்டார் என்று அர்த்தம். பேச்சு ஒழுக்கத் தீர்ப்பாக மாறி, கூட்டத்தில் இருக்கும் யாரையாவது குத்தத் தொடங்கும்போது மட்டும் தலையிடுங்கள். "எந்த வரியை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டாலே பேச்சு புத்தகத்துக்குத் திரும்பிவிடும்.

ஒன்றை மட்டும் அனுமதிக்கவே கூடாது: "உங்களுக்கு இன்னும் வாசிப்புப் பக்குவம் வரல." எங்கள் பக்கத்தில் இந்த ஒரு சொல்லால் நல்ல வாசகர்கள் சிலரை இழந்திருக்கிறோம். அப்படிச் சொல்பவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

8. முன்னதாக முடித்தவர்களும் படம் பார்த்தவர்களும்

இரண்டாம் வாரத்திலேயே முழு நாவலையும் முடித்துவிடுகிற ஒருவர் எங்கும் இருப்பார். அவர் "போகப் போகப் பாருங்க" என்று ஒரு சிரிப்புச் சிரித்தாலே போதும், மற்றவர்களின் எதிர்பார்ப்பு கெட்டுவிடும். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: சத்தமாக வாசிப்பது, சீட்டுகளைப் பாதுகாப்பது. 1995இல் இந்த நாவல் படமாகவும் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர் கதை தெரிந்துவிட்டது என்று பக்கங்களைத் தாண்டிப் போவார். கடைசிக் கூட்டம் முடிந்தபின் பார்க்கலாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் தேதி, இடம் தவிர வேறெதுவும் வேண்டாம். கருத்தெல்லாம் கூட்டத்துக்கு.

9. விலகுகிறவர்கள்

முதல் பகுதியைப் படித்து முதல் கூட்டத்துக்கு வந்த பிறகு யார் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று விதி வையுங்கள். அதற்கு முன் நிறுத்தக் கூடாது. நிறுத்தியவர் கடைசிக் கூட்டத்துக்கு வந்து, எந்த வரியில் நிறுத்தினேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். குற்ற உணர்ச்சியில் வராமல் போகிறவர்கள்தான் அதிகம், ஆகவே நீங்களே போன் செய்து கூப்பிடுங்கள். அவர் பிரதியை வாங்கி, வாங்க முடியாமல் காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுக்கலாம்.

10. கடைசிக் கூட்டமும் கணக்கும்

முதல் கூட்டத்துச் சீட்டுகளை மேசையில் பரப்பிவையுங்கள். அவரவர் கையெழுத்து அவரவருக்குத் தெரியும். முன்பு எதிர்பார்த்ததும் உண்மையில் நாவலில் நடந்ததும் எங்கே பிரிந்தன என்று பேசத் தொடங்கினால் இரண்டு மணி நேரம் போதாது. இந்தக் கூட்டத்துக்கு மட்டும் அரை மணி கூடுதலாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆற்காடு மக்கன் பேடா வாங்குவதாக இருந்தால் பேச்சு முடிந்தபிறகு கொடுங்கள், இல்லாவிட்டால் கை பிசுக்காகிப் பக்கங்கள் கெட்டுவிடும்.

பிரதி நீங்கலாக நான்கு கூட்டத்துக்கும் சேர்த்து டீ, பிஸ்கட், ஜெராக்ஸ் எல்லாம் ஆளுக்கு 150 ரூபாய்க்குள் அடங்கும். முதல் நாளே 200 வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, நூலகத்துக்கு 1,000 ரூபாய் கட்டினால் வட்டத்தில் ஒருவர் புரவலராகச் சேரலாம். ரசீது வாங்க மறக்காதீர்கள். தேவைப்படாத பிரதிகளை நூலகத்துக்கே கொடுப்பதாக இருந்தால் பட்டியலோடு ஒரு கடிதம் வைத்துக் கொடுங்கள், பதிவேட்டில் ஏறட்டும்.

அடுத்த நாவலை உடனே தொடங்க வேண்டாம், ஒரு மாதம் விடுங்கள். மார்ச், ஏப்ரலில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தேர்வு. மே மாத வெயிலில் வேலூரில் மாலை நான்கு மணிக்கு யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள். ஜூன் கடைசியில் பிரதிகளைக் கொடுத்து ஜூலை மூன்றாம் ஞாயிறு முதல் கூட்டம் வைத்தால், காலாண்டுத் தேர்வு தொடங்குவதற்குள் முடித்துவிடலாம்.